விழப்போகிற பல்தானே?

கொல்கத்தாவின் தென்மேற்கில் ஹூக்ளிக் கரையோரம் இருக்கிறது கார்டன் ரீச். கப்பல் கட்டும் தளத்துக்கும் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகத்துக்கும் பேர்போன இடம். அரியணையை இழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856-இல் வந்து குடியேறிய மட்டியாபுர்ஜ் இதை ஒட்டித்தான் உள்ளது. இன்று அந்தச் சந்துகளில் தையல் இயந்திரங்களின் சத்தம்தான் கேட்கிறது. காஜா எடுப்பது, பொத்தான் தைப்பது, பிசிறு வெட்டுவது என்று வீட்டோடு செய்கிற வேலை பெரும்பாலும் பெண்கள் கையில். கூலி பீஸ் கணக்கு. சிணுங்குகிற குழந்தையிடம் ஒரு பிஸ்கட்டையோ மிட்டாயையோ கொடுத்தால் இன்னும் நாலு பீஸ் முடியும். குழந்தைப் பல்லின் கதையை இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வாயிலுள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதைச் சரிசெய்யும், ஆனால் அதற்கு நேரம் வேண்டும். ஒரே வேளையில் இரண்டு சந்தேஷ் இனிப்பு தின்பதைவிட, அரை மணிக்கொரு தரம் ஒரு கடி பிஸ்கட் பல்லுக்குக் கூடுதல் கேடு. தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். எனவே சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்குவது இருப்பதிலேயே மோசம். மேல்வரிசை முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடுபோல வெள்ளை தெரிந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் போதும், கருவி எதுவும் வேண்டாம். அந்தக் கட்டத்தில் பல்லை மீட்டுவிடலாம். பழுப்பேறிக் குழி விழுந்தபின் முடியாது.

‘விழப்போகிற பல்தானே’ என்பார்கள். பால் பற்கள் இருபதில் கடைவாய்ப் பற்கள் விழப் பத்துப் பன்னிரண்டு வயதாகும். அதுவரை மெல்லுவதும் தூங்குவதும் அந்தப் பற்களோடுதான். வங்காளத்திலும் நம் ஊரைப் போலவே சொத்தைக்குப் பூச்சிதான் காரணம் என்ற நம்பிக்கை உண்டு. பல்லிலிருந்து பூச்சி எடுத்துக் காட்டுவதாகச் சொல்லி வரும் நாடோடி பேதே இனப் பெண்களிடம் வாயைத் திறந்து காட்டியவர்கள் அங்கே ஏராளம்.

இத்தனைக்கும் இந்தியாவின் பல் மருத்துவக் கல்வி தொடங்கிய நகரம் கொல்கத்தா. அமெரிக்காவில் படித்து, பாஸ்டனில் ஏழைக் குழந்தைகளுக்கான ஃபோர்சைத் பல் மருத்துவமனையில் பணியாற்றித் திரும்பிய டாக்டர் ரஃபியுதீன் அகமது, 1920-இல் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை இங்கே தொடங்கினார். அதற்குப் பணம் திரட்ட அவர் நடத்தியது ‘நியூயார்க் சோடா ஃபவுண்டன்’ என்ற கடை. இனிப்பு விற்ற காசில் பல் மருத்துவம்! 1949-இல் கல்லூரியை அரசுக்கே கொடுத்துவிட்டார். இன்று அது அவர் பெயரில் இயங்குகிறது.

ஆனால் கல்லூரி வாசலுக்குக் குழந்தை வந்து சேரும்போது பெரும்பாலும் வலி வந்திருக்கும். தடுப்பு வீட்டில்தான் நடக்க வேண்டும். அங்கே அறிவுரைக்குப் பலம் குறைவு. கனடாவின் சர்ரே நகரில் பஞ்சாபிக் குடும்பங்களின் 240 கைக்குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது; முடிவுகள் 2004-இல் வெளியாயின. ஒரு பிரிவுத் தாய்மாருக்குத் துண்டுப் பிரசுரமும் வீடியோவும் மட்டும். இன்னொரு பிரிவினரிடம், அதே சமூகத்தைச் சேர்ந்த பயிற்சி பெற்ற பெண்கள் உட்கார்ந்து பேசினார்கள். ‘இதைச் செய்’ என்று சொல்லாமல், பல வழிகளைக் காட்டி, ‘உங்களால் எது முடியும்?’ என்று கேட்டார்கள். பிறகு தொலைபேசியில் விசாரித்தார்கள். ஓராண்டு கழித்துப் பிரசுரப் பிரிவில் குழந்தைக்குச் சராசரியாக 1.91 புதிய சொத்தை; பேசிய பிரிவில் 0.71.

பீஸ் கணக்கில் உழைக்கும் தாயிடம் ‘இனிப்பே கொடுக்காதே’ என்றால் அவள் தலையாட்டிவிட்டுப் போவாள். ‘ராத்திரிப் புட்டியில் மட்டும் சர்க்கரையை நிறுத்தலாமா? பிஸ்கட்டைச் சாப்பாட்டோடு சேர்த்துத் தரலாமா?’ என்று கேட்டால் ஒன்றையாவது பிடித்துக்கொள்வாள். கேட்க ஆளில்லாமல் இல்லை. 1975 முதல் அங்கன்வாடிகள் இருக்கின்றன. நகர்ப்புறத்தில் வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பெண் பணியாளர்களும் உண்டு. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் பல் நோயும் இருக்கிறது. தடுப்பூசிக்கு வரும் குழந்தையின் உதட்டைத் தூக்கிப் பார்க்க எவ்வளவு நேரமாகிவிடும்? ஏற்கெனவே வேலை குவிந்திருக்கும் அந்தப் பெண்களுக்கு இதற்கான ஊதியமும் சேர வேண்டும் என்பது வேறு விஷயம். என்னைக் கேட்டால் அதுதான் முதல் விஷயம்.

தாயின் கையில் கொடுக்க வேண்டியது ஒரு சின்ன பிரஷ்ஷும் ஃப்ளோரைடு கலந்த பேஸ்ட்டும். பேஸ்ட்டில் ஏன் ஃப்ளோரைடு என்றால், ஆற்று நீரில் அது பொதுவாகக் குறைவு. புருலியா, பாங்குரா, நம் தர்மபுரி போன்ற இடங்களின் நிலத்தடி நீரில் அது மிகுந்து தொல்லை தருவது தனிக்கதை. மூன்று வயதுக்குள் அரிசி மணியளவு, அதற்கு மேல் பட்டாணியளவு பேஸ்ட் போதும். இந்தியச் சட்டம் பேஸ்ட்டில் ஃப்ளோரைடுக்கு 1000 பிபிஎம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. பொம்மை போட்ட குழந்தைப் பேஸ்ட்கள் சிலவற்றில் அது துளிகூட இருக்காது. வாங்குமுன் உறையைப் படித்துவிடுங்கள். ஆறேழு வயது வரை பெரியவர்தான் தேய்த்துவிட வேண்டும்.

குழி விழுந்துவிட்ட பல்லுக்கும் மலிவான வழி ஒன்று உண்டு. வெள்ளி டைஅமைன் ஃப்ளோரைடு என்ற திரவத்தைத் தொட்டுத் தடவினால் பெரும்பாலும் சொத்தை பரவுவது நின்றுவிடும். துளைபோடும் இயந்திரமோ ஊசியோ வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. ஒரே சிக்கல், தடவிய சொத்தை நிரந்தரமாகக் கறுத்துவிடும். முன்பல்லில் போடுவதற்கு முன்னாலேயே அம்மாவிடம் மட்டுமல்ல, பாட்டியிடமும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் காலை சண்டைக்கு வந்துவிடுவார்.