போர்க்காலத் தேர்தலும் கேலிச்சித்திரமும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் நான்காம் ஆண்டில் நடந்துகொண்டிருந்தபோதே, 1864 நவம்பர் 8இல் அந்நாடு குடியரசுத் தலைவர் தேர்தலைச் சந்தித்தது. பதவியிலிருந்த ஆபிரகாம் லிங்கனை எதிர்த்து நின்றவர், அவராலேயே படைத்தலைமையிலிருந்து நீக்கப்பட்ட தளபதி ஜார்ஜ் மெக்ளெல்லன். இரு தரப்பாரும் கேலிச்சித்திரத்தைக் கூரிய ஆயுதமாக ஏந்தினர்.

தாமஸ் நாஸ்ட் வரைந்து, 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' வார ஏட்டின் செப்டம்பர் 3ஆம் நாளிட்ட இதழில் வெளிவந்த சித்திரம் புகழ்பெற்றது. காலிழந்த வடபுல வீரன் தலைகவிழ்ந்து நிற்கிறான். தென்புலத் தலைவன் கல்லறைமீது காலூன்றி அவன் கையைப் பற்றுகிறான். பயனற்ற போரில் மாண்ட வீரர்களின் நினைவாக என்கிறது கல்லறை வாசகம். அருகே நாட்டின் உருவகமான கொலம்பியா மண்டியிட்டு அழுகிறாள். போரை நிறுத்தக் கோரிய சிகாகோ மாநாட்டை நோக்கி எய்யப்பட்ட அம்பு அது. அம்மாநாடு நிறுத்திய வேட்பாளரான மெக்ளெல்லனோ, ஒன்றியம் மீளாமல் சமாதானமில்லை என்று செப்டம்பர் 8இல் எழுதினார். ஆயினும் லிங்கன் கட்சியினர் சித்திரத்தை அச்சிட்டுப் பரப்பினர்.

எதிரணியின் சித்திரமொன்று இதனினும் கொடியது. 1862 செப்டம்பர் 17இல் ஆண்டீட்டம் களத்தில், ஒரே நாளில் ஏறத்தாழ 23,000 பேர் மாண்டோ, காயமுற்றோ, காணாமலோ போயினர். அப்பிணங்களினிடையே நின்று, நண்பர் லாமோனை வேடிக்கைப் பாட்டொன்று பாடச் சொல்கிறார் லிங்கன்! அவர் கையில் கட்டமிட்ட ஸ்காட்லாந்துத் தொப்பி. 1861இல் அவர் அத்தகைய தொப்பியணிந்து மாறுவேடத்தில் பால்டிமோரைக் கடந்தார் என்பதும் பத்திரிகை கட்டிய கதையே. ஒரு பொய்க்கு மற்றொரு பொய் சாட்சியாயிற்று.

இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் முறையன்று. நாஸ்ட் மிகைப்படுத்தினார், எனினும் அவர் தாக்கிய தீர்மானம் மாநாட்டில் உண்மையாகவே நிறைவேறியது. மற்றதோ நிகழாததை நிகழ்ந்ததாகக் காட்டியது. பாட்டு உண்மைதான். ஆனால் அது பாடப்பட்டது போர் முடிந்து பதினாறு நாள்களுக்குப் பின், களத்துக்கு அப்பால், பிணமொன்றும் அங்கில்லை.

இவ்விவரத்தை லாமோனின் பெயரால் வெளியிடுவதற்காக லிங்கன் தம் கையாலேயே எழுதினார். பின்னர் வெளியிட வேண்டாமெனத் தடுத்துவிட்டார். 21க்கு எதிராக 212 தேர்வாளர் வாக்குகள் பெற்று அவர் வென்றபோதும் அம்மறுப்பு லாமோனிடமே இருந்தது. 1865இல் லிங்கன் கொல்லப்பட்ட பிறகே உலகம் அதனைப் படித்தது.