உங்களுக்குத் தெரியுமா? 60 வயதுப் பல்லும் நகரும்!

பல் தாடை எலும்போடு ஒட்டி வளர்ந்ததன்று, ஏறத்தாழ 0.2 மி.மீ. தடிப்பே உள்ள பல்சூழ் தசைநார் என்னும் நார்த்திசுவே அதன் வேரை எலும்புக் குழியில் பற்றி நிற்கிறது. இத்திசு வாழ்நாள் முழுவதும் உயிர்ப்போடு இருப்பதால், 50, 60 வயதிலும் கிளிப் போட்டுப் பல்லை வரிசைப்படுத்த முடிகிறது.

• கிளிப்பில் உள்ள கம்பியின் மெல்லிய விசையால் பல் அழுந்தும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களும், அது விலகும் பக்கத்தில் புதிய எலும்பை உருவாக்கும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்களும் செயல்பட, பல் மாதத்திற்கு ஏறத்தாழ 1 மி.மீ. நகர்கிறது. விசையை அளவுக்கு மீறிக் கூட்டினாலோ, திசுவின் ரத்த ஓட்டம் தடைப்பட்டு நகர்வு தாமதமாகுமே தவிர விரைவுபடாது.

• வளைத்தாலும் பழைய வடிவத்திற்கே மீளும் நிக்கல்-டைட்டானியம் கம்பி, அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டு, 1970களில் பல் சீரமைப்புக்கு வந்த உலோகக் கலவையால் ஆனது.

• வளர்ந்தவர்களுக்கு மேலண்ணத்தின் நடு இணைப்பு இறுகிவிடுவதால், சிறுவர்களுக்குச் செய்வதுபோல் மேல்தாடையை எளிதில் அகலப்படுத்த இயலாது.

ஈறு நோய் உள்ளவர்கள் அதைக் கட்டுப்படுத்திய பின்னரே கிளிப் போட வேண்டும். இல்லையேல் பல்லைத் தாங்கும் எலும்பு மேலும் தேயும். கிளிப்பைக் கழற்றிய பின்னும் ஈற்று நார்கள் புதிய நிலைக்குப் பொருந்த ஓராண்டு வரை ஆகலாம் என்பதால், பல்லை அதே இடத்தில் நிறுத்தும் ரிடெய்னரை மருத்துவர் சொல்லும் காலம் வரை விடாமல் அணிவது கட்டாயம்.