ஞாயிற்றுக்கிழமை ஹீரோவுக்கு ஒரு பழைய கார்!

நம் ஊரில் யாராவது கார் வாங்கிவிட்டால் அக்கம்பக்கத்தார் கேட்கிற முதல் கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?"

கொடுக்குதாம்! என்னவோ கறவை மாடு வாங்கி வாசலில் கட்டின மாதிரி!

தினமும் அறுபது, எழுபது கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள் இதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால், ஆபீஸுக்கு மின்சார ரயில், கடைக்கு டூ வீலர், ஞாயிறு மட்டும் கார் என்று வாழ்கிற ஆசாமியா நீங்கள்? அப்படியானால் அந்தக் கேள்வியைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். ஆசைப்பட்ட காரை வாங்குகிற சுதந்திரம் உங்களுக்குத்தான் இருக்கிறது. குறைவாக ஓட்டுகிறவருக்குக் கிலோமீட்டர் எதிரி இல்லை, காலண்டர்தான் எதிரி. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால், ஸ்டைலாகவும் ஜாலியாகவும் ஒரு பழைய காரை, கையைச் சுட்டுக்கொள்ளாமல் வாங்கிவிடலாம்.

நம்பவில்லையா? பேப்பர், பேனா எடுங்கள்.

பெட்ரோலை விட அதிகம் குடிப்பது எது?

ஞாயிறுதோறும் அறுபது கி.மீ. சுற்றுகிறீர்கள். வருடத்துக்கு 3,120. பொங்கலுக்கு ஒரு தடவை சென்னையிலிருந்து மதுரைக்குப் போய்வர சுமார் 900. ஆக மொத்தம் 4,000 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் கணக்குக்குச் சுலபமாக லிட்டர் 100 ரூபாய்.

லிட்டருக்கு 20 கொடுக்கிற சமர்த்துக் காருக்கு வருட பெட்ரோல் செலவு 20,000 ரூபாய். 14 மட்டுமே கொடுக்கிற துள்ளல் காருக்கு சுமார் 28,600. வித்தியாசம் 8,600. மாதத்துக்கு எழுநூறு ரூபாய் சொச்சம்! ஒரு தடவை குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போகிற காசு.

இப்போது இன்னொரு கணக்கு. மூன்று லட்சம் ரூபாய் கடன், 14 சதவிகித வட்டி, 36 மாதம். மாதத் தவணை சுமார் 10,250. மூன்று வருடத்தில் வட்டி மட்டும் சுமார் 69,000. அதாவது வருடத்துக்கு 23,000! மைலேஜ் வித்தியாசத்தை விட கடன்தான் அதிகம் குடிக்கிறது, பார்த்தீர்களா? எனவே மைலேஜில் பேரம் பேசாதீர்கள். கடனைக் குறைப்பதில் கெட்டியாக இருங்கள்.

கையில் நாலு லட்சம் இருந்தால் நாலு லட்சத்துக்கும் கார் பார்க்கக் கூடாது. மூன்றேகாலுக்குப் பாருங்கள். மீதி எழுபத்தைந்தாயிரம் எதற்கு? சொல்கிறேன், கடைசி வரை படியுங்கள்.

டீசலா? வேண்டவே வேண்டாம்!

"டீசல் வண்டி சார், இழுவை அப்படி இருக்கும்" என்பார் புரோக்கர். இழுக்கும்தான். ஆனால் வாரம் ஒருநாள் ஓட்டுகிறவருக்கு டீசல் எதற்கு? லிட்டருக்கு மிச்சமாகிற காசு, சர்வீஸ் பில்லில் போய்விடும்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தது. அதற்குப் பிறகு வந்த டீசல் கார்களில் புகைக் கரியைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி உண்டு. அதில் சேர்கிற கரி எரிந்து போக வேண்டுமானால், வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். குரோம்பேட்டைக்கும் தி.நகருக்கும் இடையில் ஊர்ந்துகொண்டே இருந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். உங்கள் வயிறும் எரியும்.

சரி, எந்தக் கார்?

முதலில் பொடியன்: ஹோண்டா பிரியோ. 2011-ல் வந்து 2019 வரை விற்றது. சின்ன உடம்பு; உள்ளே 1.2 லிட்டர், 88 குதிரைச் சக்தி பெட்ரோல் இன்ஜின். எடை சுமார் 900 கிலோதான் என்பதால் சும்மா துள்ளும். டிக்கிதான் ஒரு பை, ஒரு குடை வைக்கிற அளவு. மாமியாரை ஊருக்கு அனுப்ப உதவாது. கல்யாணம் ஆகாதவர்களுக்கு அது ஒரு குறையா?

அடுத்தது, எல்லோருக்கும் தெரிந்த ஸ்விஃப்ட். 2005-ல் வந்தபோது இளவட்டங்களைக் கிறங்கடித்த கார். இன்று அந்த முதல் வருட வண்டிகளுக்கு வயதாகிவிட்டது. 2018-ல் வந்த மாடலில் பெட்ரோல் வண்டி 900 கிலோவுக்கும் கீழே. வளைவுகளில் ஓட்ட சுகம். எந்த ஊர் மெக்கானிக்குக்கும் இது அத்துப்படி. இதே கம்பெனியில் பலரும் மறந்துபோன இன்னொரு கார், பலேனோ ஆர்.எஸ். 2017-லிருந்து 2020 வரை மட்டும் விற்றார்கள். ஒரு லிட்டர் டர்போ இன்ஜின், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். பார்த்தால் பக்கத்து வீட்டு பலேனோ மாதிரி அடக்கமாக நிற்கும். மிதித்தால்தான் குணம் தெரியும். சாது மிரண்டால் ரகம்!

ஸ்டைலுக்கு என்றால் போலோ. 2010-லிருந்து 2022 வரை இங்கே விற்றது. வருடங்கள் போனாலும் முகம் கிழடு தட்டவில்லை. ஆனால் போலோ என்று பெயர் இருந்தால் எல்லாம் பறக்கும் என்று நினைக்காதீர்கள். ஆரம்ப கால 1.2 லிட்டர் சாதா பெட்ரோல் ஒரு சாதுப் பிள்ளை. பறப்பது 2013-ல் வந்த ஜி.டி. டி.எஸ்.ஐ.: 105 குதிரைச் சக்தி. அதில் இருக்கிற ஏழு கியர் இரட்டை கிளட்ச் ஆட்டோமேடிக் பெட்டிதான் பயமுறுத்தும் சமாசாரம். பழுதானால் பில்லைப் பார்த்து நீங்கள் நியூட்ரலுக்குப் போய்விடுவீர்கள்! ஊர்ந்து போகும்போது அதிர்கிறதா, உதறுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். 2020-க்குப் பிறகு வந்த ஒரு லிட்டர் டர்போவில் வேறு வகை ஆறு கியர் ஆட்டோமேடிக். அந்தத் தலைவலி இல்லை.

போலோவில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு போலோவை மோதவிட்டுப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத வண்டிக்குப் பூஜ்யம். ஏர்பேக் வைத்த வண்டிக்கு நாலு ஸ்டார்! வாங்குகிறபோது கலரைப் பார்க்கிறோம், மியூசிக் சிஸ்டத்தைப் பார்க்கிறோம். ஏர்பேக்கையும் ஏ.பி.எஸ். பிரேக்கையும் பாருங்கள். ஏ.பி.எஸ். எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம் ஆனது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய மலிவு மாடல்களில் பல சமயம் இருக்காது. வேகமாகப் போகிற காரில் வேகமாக நிற்கிற வசதியும் வேண்டாமா?

ஃபியட் புன்ட்டோ மீது சிலருக்குக் காதல். 2015-ல் வந்த அபார்த் புன்ட்டோவுக்கு 145 குதிரைச் சக்தி! ஆனால் ஃபியட் கார் இந்தியாவில் இப்போது புதிதாக விற்பதில்லை. மறைமலை நகரில் கார் செய்த ஃபோர்டும் 2021-ல் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, 2022-ல் அங்கே உற்பத்தியை முடித்துக்கொண்டது. இந்த வண்டிகளை ஓட்டுகிற சுகமே தனி. ஆனால் வாங்குமுன் உங்கள் ஊர் மெக்கானிக்கிடமும் உதிரி பாகக் கடையிலும் ஒரு வார்த்தை கேளுங்கள். "ஹெட்லைட் உடைஞ்சா கிடைக்குமா அண்ணே?" அவர் சிரித்தால், நீங்கள் வேறு கார் பாருங்கள்.

1993-லிருந்து 2006 வரை வந்த பழைய ஜென் மீது ஆசையா? தாராளமாக. ஆனால் 15 வருடம் முடிந்த காருக்கு ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு எஃப்.சி. பார்ப்பார்கள். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் பசுமை வரி தனி.

காலண்டர் செய்யும் சேட்டை

"பத்து வருஷ வண்டி, இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்றால் உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஓடாமல் நின்ற காருக்கும் வியாதி உண்டு.

டயரில் பட்டன் பட்டனாகப் புது மாதிரி இருக்கும். பக்கவாட்டில் நாலு எண்களைத் தேடுங்கள். 2316 என்றிருந்தால், 2016-ம் வருடம் 23-வது வாரத்தில் பிறந்த டயர். ரப்பர் இறுகிப் போயிருக்கும். மழையில் பிரேக் அடித்தால் வழுக்கும். நாலும் மாற்ற வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிய சரக்கு. இன்ஜின் ஆயில், ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை. டைமிங் பெல்ட் வைத்த இன்ஜின் என்றால், அதற்குக் கிலோமீட்டர் கெடு ஒன்று, வருடக் கெடு ஒன்று. எது முந்துகிறதோ அதில் மாற்ற வேண்டும். ஓடுகிறபோது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வுகள் வளைந்துவிடும். பேட்டரியோ, நின்றே சாகும்.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. 20 சதவிகித எத்தனால் கலக்கும் இலக்கை நாடு 2025-ல் எட்டிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் தேங்கக் கூடாது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய காராக இருந்தால் பெட்ரோல் போகிற ரப்பர் குழாய்கள், சீல்களை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

அப்புறம் எலியார்! நிற்கிற காரின் பானெட்டுக்குள் குடித்தனம் நடத்தி, ஒயரைக் கடித்துப் பல்லைத் தீட்டிக்கொள்வார். பானெட்டைத் திறந்து டேப் சுற்றிய ஒயர்கள், புழுக்கை எல்லாம் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் குனிந்து பாருங்கள்.

எழுபத்தைந்தாயிரம் எதற்கு என்று இப்போது புரிகிறதா?

புரோக்கர் அகராதி

"டாக்டர் ஓட்டின வண்டி சார்!" – யார் ஓட்டினால் என்ன? கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லிப் பழைய சர்வீஸ் விவரம் கேளுங்கள். எந்தத் தேதியில் எத்தனை கி.மீ. என்று அங்கே இருக்கும். மீட்டர் பின்னால் ஓடியிருந்தால் மாட்டிக்கொள்ளும். பெடல் ரப்பர் தேய்ந்து, மீட்டர் மட்டும் இளமையாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

"தண்ணியே பார்க்காத வண்டி சார்!" – சென்னையில் 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் மறந்துபோகுமா? சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுங்கள்; அடியில் சேற்றுக் கோடு தெரியலாம். கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். சீட்டுக்கு அடியில் இரும்புத் தண்டவாளத்திலும் ஸ்டெப்னி குழியிலும் துரு இருந்தால், அது நீச்சல் தெரிந்த கார்.

"எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸே ஒரு லட்சம் சார்!" – ஓடிவிடுங்கள். அகல டயர், அலறும் சைலன்ஸர், வெட்டி ஒட்டிய ஒயரிங் எல்லாம் முந்தைய ஓனரின் வீர சாகசங்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைச் சட்டமும் ஒப்புக்கொள்வதில்லை.

"டில்லி வண்டி, பாதி விலை!" – டில்லியில் பழைய கார்களுக்குக் கெடுபிடி என்பதால் அங்கே மலிவு. ஆனால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்து முடித்த பிறகு பாருங்கள். அந்தப் பாதி விலை முக்கால் ஆகியிருக்கும்.

பேப்பர் பத்திரம்!

படிவம் 29-ம் 30-ம் பெயர் மாற்றத்துக்கு. பழைய ஓனர் கடன் வாங்கியிருந்தால், கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35 தேவை. கடனும் அபராதச் சலானும் பாக்கி இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பாருங்கள். வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். சோம்பேறித்தனமாக இருந்து, வண்டி எங்கேயாவது இடித்துக்கொண்டால், உங்கள் வண்டியின் சேதத்துக்குப் பணம் வராமல் போகலாம். பழைய ஓனர் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும். அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும். உங்களுக்கு ஒரு நல்ல சேதி: 2022-லிருந்து, ஓட்டுகிற தூரத்துக்குத் தக்கபடி பிரீமியம் கட்டுகிற வசதிக்கு அனுமதி உண்டு. குறைவாக ஓட்டுகிற உங்களுக்கென்றே வந்தது. ஏஜென்ட் தானாகச் சொல்ல மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

புதுச் சின்னக் கார்களுக்கு 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 18 சதவிகிதமாகக் குறைந்தது. புதுசு மலிவானால் பழசும் மலிவாக வேண்டும்தானே? அட்வான்ஸ் கொடுக்குமுன், அதே காரின் இன்றைய புது விலையைச் சொல்லி ஒரு பிடி பிடியுங்கள்.

எல்லாம் முடிந்து வண்டி வாசலுக்கு வந்துவிட்டதா? கவர் போட்டு மூடி வைத்துக் கும்பிடாதீர்கள். வாரம் ஒரு தடவையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பதால் புண்ணியமில்லை. ஓடினால்தான் ஆயில் சூடேறும், பேட்டரி நிரம்பும், பிரேக் துரு போகும், எலியாரும் வீடு காலி பண்ணுவார்.

அதனால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, ஜன்னலை இறக்கி விட்டு, கடற்கரைச் சாலையில் மகாபலிபுரம் வரை போய் ஒரு காபி சாப்பிட்டுவிட்டு வாருங்கள். "காலங்கார்த்தால எங்கே ஊர் சுத்தப் போறே?" என்று வீட்டில் கேட்டால், "மெயின்டெனன்ஸ்!" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பொய்யே இல்லை!