கொழுந்துத் தராசும் உணவுத் தராசும்

நுவரெலியா, ஹட்டன் பகுதிகளிலுள்ள தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் நாளெல்லாம் தராசுக்கு ஓய்வில்லை. மலையிலிருந்து இறங்கும் பெண்ணின் கொழுந்து நிறுக்கப்பட்டு, இத்தனை கிலோ என்று ஏட்டில் ஏறிவிடுகின்றது. ஆனால், அதே பெண் விடியற்காலையில் எதை உண்டு மலையேறினாள், எவ்வளவு உண்டாள் என்பதை எந்த ஏட்டிலும் காணோம். இந்த இரண்டாவது கணக்கை எழுதுவதற்கென்றே பயின்றவர் உணவியலாளர்.

நீரிழிவுக்காரருக்குச் சோற்றை அளந்து சொல்லும் வைத்தியசாலை உத்தியோகத்தர் என்ற அளவிலேயே இவரைப் பலரும் அறிவர். எம்மிடம் பயிலும் மாணவர் சிலரும் அவ்வாறே எண்ணுகின்றனர். நோயையும் உணவையும் இணைத்து நோக்கும் ஆராய்ச்சியில் இவருக்குரிய இடம் யாதென்பதை விளக்க, இலங்கைத் தோட்டமொன்றில் நடந்த ஆய்வே நமக்குத் துணையாகும்.

எட்ஜர்ட்டன் என்பவரும், செனவிரத்ன முதலிய இலங்கை அறிஞர்களும் நடத்திய அவ்வாய்வு 1979ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. தொழிலாளருள் ஒரு சாராருக்கு இரும்புச் சத்து மருந்தும், மறு சாராருக்கு மருந்துபோலவே தோன்றும் வெறும் பண்டமும் அளிக்கப்பட்டன. ஒரு மாதத்தின் பின், இரும்பினால் இரத்தத்தில் ஹீமோகுளோபின் உயரப் பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகக் கொழுந்து பறித்தனர். டெசிலீட்டருக்கு 6 முதல் 9 கிராம் வரையே இருந்தவர்களிடம் முன்னேற்றம் மிகுதி. சோம்பேறி என்று ஏசப்பட்டவர்களுள் எத்தனை பேர் உண்மையில் இரத்தம் வற்றியவர்களோ! கொழுந்தின் எடை துரைமாருக்கு வேண்டிய செய்தி. லயத்திற்குத் திரும்பியபின் விறகு சுமக்கவும் பிள்ளையைத் தூக்கவும் வலு மிஞ்சுகின்றதா என்பது அப்பெண்ணுக்கு வேண்டிய செய்தி. ஆய்வாளர் அன்றாட நடமாட்டத்தையும் அளந்து, அதுவும் இரும்பினால் கூடியது எனக் கண்டமை நமக்கு மகிழ்ச்சி தருகின்றது.

இத்தகைய ஆராய்ச்சியில் மருந்தைக் கொடுப்பது எளிது. இரு சாராரும் மருந்து தவிர மற்றெல்லாவற்றிலும் ஒத்தவர்களா என்று அறிவதே அரிது. ஒருத்தி வீட்டில் அந்த மாதம் நெத்தலிக் கருவாடு அடிக்கடி சமைக்கப்பட்டிருந்தால்? இன்னொருத்தி மாத்திரையை விழுங்காது முந்தானையில் முடிந்து வைத்திருந்தால்? உணவியலாளர் லயத்து அடுப்படியில் சென்று அமர வேண்டியது இங்கேதான். முதல்நாள் உண்டதைக் கேட்டு எழுதுவது ஒரு முறை. தட்டை உண்ணுமுன் நிறுத்து, மிச்சத்தையும் நிறுத்துக் கழிப்பது மற்றொன்று. முன்னதில் மறதி குறுக்கிடும். பின்னதிலோ, பிறர் பார்க்கின்றனர் என்பதற்காக அன்று மட்டும் நன்றாகச் சமைத்துவிடும் கௌரவம் குறுக்கிடும். 'ரொட்டி இரண்டு' என்றால் எத்தனை கிராம் மா? வீட்டுக்கு வீடு வேறு. சம்பளம் வந்த வாரத்துச் சமையலும் மாதக் கடைசிச் சமையலும் ஒன்றாகா. எல்லோரும் உண்டபின் சட்டியில் எஞ்சியதை உண்ணும் தாயின் பங்கு, குடும்ப உணவைத் தலைக்கணக்கில் வகுத்தால் தெரிய வராது. இவற்றையெல்லாம் முகம் கோணாமல் தமிழில் கேட்டறிய ஒருவர் இல்லையேல், ஆய்வுகூடத்துக் கருவி எத்துணை நுட்பமாயினும் விடை பிழைக்கும்.

தேநீரையே எடுத்துக்கொள்வோம். உணவோடு தேநீர் அருந்தினால் அவ்வுணவிலுள்ள இரும்பு உடலிற் சேர்வது பெரிதும் குறைகின்றது என்று 1975இல் தென்னாபிரிக்க ஆய்வொன்று காட்டியது. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள், தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றின் இரும்பைக் குடலிலேயே பிணைத்துவிடுகின்றன. ரொட்டியும் சம்பலும் உண்டு, கையோடு சாயத்தண்ணீர் குடிக்கும் வீடுகளில், 'என்ன உண்டீர்கள்?' என்பதோடு 'தேநீர் எப்போது குடித்தீர்கள்?' என்றும் கேட்காதவர் பாதி விடயத்தைத் தவறவிடுகின்றார். உண்மை தெரிந்தபின் அதை அடுப்படிக்கு ஏற்றவாறு மாற்றித் தருவதும் உணவியலாளர் பணியே. பனியிலும் மழையிலும் நின்று பறிப்பவளிடம் தேநீரை விட்டுவிடு என்றால் கேட்பாளா? ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம், கீரையில் தேசிக்காய் பிழியலாம் என்றால் கேட்கக்கூடும். தேசிக்காயின் உயிர்ச்சத்து 'சி' இரும்பு சேர உதவும். மதிய இடைவேளை குறுகியதாகையால், தேநீர் வேளையைப் பற்றித் தோட்ட நிருவாகத்தோடும் பேச வேண்டியிருக்கும்.

2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் வயதிற்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17.3, தோட்டப் பகுதியிலோ 31.7. இது ஒரு மாத மருந்தினால் தீரும் குறையன்று. தாய் கர்ப்பகாலத்தில் உண்டது, ஆறாம் மாதத்தின்பின் பிள்ளைக்கு ஊட்டியது, அவள் கொழுந்துக்குப் போனபின் பிள்ளை மடுவத்தில் கிடைத்தது என ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்தறிய வேண்டும். லயத்துப் பேச்சும் அடுப்படியும் பழகிய மலையகப் பிள்ளைகளுக்கு இவ்வேலை எளிதில் கைவரும். வயம்பப் பல்கலைக்கழகத்தில் உணவும் போஷாக்கும் பற்றிய பட்டப்படிப்பு உண்டு. உயர்தரத்தில் விஞ்ஞானம் பயிலும் மாணவ மாணவியர் அதைப்பற்றி விசாரித்துப் பார்க்கலாம்.