தொடாமல் சூடு பார்க்கும் கருவி: எங்கே எடுத்துச் செல்லக் கூடாது?

கள்ளிக்குப்பத்திலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ‘துப்பாக்கி தெர்மாமீட்டர்’ புதிதல்ல. 2020 கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேராகக் காட்டினார்களே, அந்த வகைதான். ஆனால் அது காய்ச்சல் பார்க்க மட்டுமே. மோட்டார், பேரிங், பாய்லர் குழாய்க்குத் தனிக் கருவி வேண்டும்.

“தொடாமத்தானே பார்க்கிறோம், அப்புறம் என்ன ஆபத்து?” என்று கேட்கலாம். ஆபத்து கருவிக்குள்ளேயே இருக்கிறது. தின்னர், பெயின்ட், பெட்ரோல் ஆவி தேங்கிய இடத்தில், கருவியின் மின்சுற்றில் எழும் சிறு தீப்பொறியே போதும். கை தவறி விழுந்து பேட்டரி கழன்றாலும் அப்படித்தான். இத்தகைய இடங்களுக்கு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘பெசோ’ அமைப்பின் ஒப்புதல் பெற்ற கருவி வேண்டும்; அங்குள்ள வாயுவுக்கு அது ஏற்றதா என்றும் பாருங்கள். சட்டைப் பையில் இருக்கும் சாதாரண செல்போனும் உள்ளே போகக் கூடாது. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அளவீட்டையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். பளபளக்கும் அலுமினியம் கொதித்தாலும் குறைவாகவே காட்டும். இயந்திரம் நின்று ஆறியிருக்கும்போது, சூடு தாங்கும் மங்கலான கறுப்பு டேப்பை ஒட்டிவைத்தால் பிறகு அங்கே சரியாகப் பார்க்கலாம். 12:1 என்று போட்டிருந்தால், 12 அடி தள்ளி நின்றால் 1 அடி வட்டத்தின் சராசரி கிடைக்கும். சிவப்புப் புள்ளி குறிபார்க்கத்தான், கண்ணில் அடிக்காதீர்கள்.

ஒப்புதல் இல்லாத கருவியைக் கொடுத்தால் முதலில் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லுங்கள். கேட்கவில்லையா? தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதலாம், 1100-ஐயும் அழைக்கலாம்.