மலைச்சரிவில் மறைந்திருக்கும் பலவீன அடுக்கு

மலைச்சரிவில் கிடக்கும் பனி முழுவதும் ஒரே தன்மையுடையது அல்ல. ஒவ்வொரு பனிப்பொழிவும் முந்தையதன் மேல் ஓர் அடுக்காகப் படிகிறது. வெயில், காற்று, குளிர் மூன்றும் அந்த அடுக்குகளை வெவ்வேறு விதமாக மாற்றுகின்றன. அவை ஒன்றையொன்று எவ்வளவு உறுதியாகப் பற்றியிருக்கின்றன என்பதைப் பொறுத்தே பனிச்சரிவு அபாயம் கூடுகிறது, குறைகிறது.

மலையேறுபவர்களையும் பனிச்சறுக்கு வீரர்களையும் அதிகம் பலிகொள்வது பலகைச் சரிவு. இறுகிய மேலடுக்கு ஒன்று பலவீனமான அடுக்கின் மேல் அமர்ந்திருக்கும். கீழடுக்கு ஓரிடத்தில் நொறுங்கினால், விரிசல் நொடிகளில் பரவி, மேலே உள்ள பனி மொத்தமும் பாளமாகப் பெயர்ந்து இறங்கும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் இது பெரும்பாலும் நிகழ்கிறது. உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதில், சரிவைக் கிளப்பியது சிக்கியவரோ அவருடைய குழுவினரோதான்.

பலவீன அடுக்கு உருவாவதற்குப் பனி குறைவாக இருப்பதே ஒரு காரணம். தரையையொட்டிய பனி 0 டிகிரிக்கு அருகில் இருக்க, தெளிந்த வானமுள்ள இரவில் மேற்பரப்பு கடுமையாகக் குளிர்ந்துவிடும். அடியிலிருந்து நீராவி மேல்நோக்கி நகரும்போது, பனித்துகள்கள் சர்க்கரை மணிகளைப் போல ஒட்டாமல் உதிரத் தொடங்கும். அதன்மேல் கனத்த பனி விழுந்தாலோ, காற்று மறுபக்கத்துப் பனியை அள்ளிவந்து குவித்தாலோ சுமை கூடும். பனி பெய்யாத நாளிலும் காற்றினால் அபாயம் உயரலாம்.

இத்தகைய அபாயம் உள்ள இடத்துக்குக் காஷ்மீரில் குல்மார்க்கை ஒட்டிய அபர்வத் மலை உதாரணம். கேபிள் கார் பயணிகளை ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரம்வரை கொண்டுபோய் விடுகிறது. கண்காணிக்கப்படும் எல்லையைத் தாண்டினால் தொடங்குவது யாரும் கண்காணிக்காத சரிவு. 2023 பிப்ரவரி 1 அன்று அங்கே நேர்ந்த பனிச்சரிவில் போலந்தைச் சேர்ந்த இரு பனிச்சறுக்கு வீரர்கள் இறந்தனர்.

எச்சரிக்கைகளை மலையே தருகிறது. அருகில் புதிதாகச் சரிந்த தடம், காலடியில் பனி "தொம்" என்று அமுங்கும் ஓசை, பனிச்சறுக்கு மட்டையின் முனையிலிருந்து ஓடும் விரிசல், திடீர் வெப்ப உயர்வு ஆகியவை முக்கியமானவை. குழி தோண்டியும் சோதிக்கலாம். 30 சென்டிமீட்டர் பக்கமுள்ள பனித்தூண் ஒன்றைச் சுற்றிலும் வெட்டித் தனியாக்கி, உச்சியில் மண்வாரியின் தட்டை வைப்பார்கள். அதன்மேல் மணிக்கட்டை அசைத்துப் பத்து தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. சில தட்டுகளிலேயே தூண் நழுவினால் அந்தச் சரிவில் கால்வைக்கக் கூடாது. உறுதியாக நின்றாலும், பத்து மீட்டர் தள்ளி நிலைமை வேறாக இருக்கலாம்.

புதைந்தவரின் உயிர் நிமிடக்கணக்கில் போகிறது. சுவிட்சர்லாந்து விபத்துகளை ஆராய்ந்ததில், 15 நிமிடங்களுக்குள் மீட்கப்பட்டவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் பிழைத்தனர். 35 நிமிடங்களில் அது மூன்றில் ஒன்றாகச் சரிந்தது. வெளியிலிருந்து உதவி வரும்வரை காத்திருக்க நேரமில்லை. அதனால் குழுவில் ஒவ்வொருவரிடமும் சமிக்ஞைக் கருவி, துழாவும் கோல், மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும். சந்தேகமான சரிவை ஒவ்வொருவராகவே கடக்க வேண்டும். பலவீன அடுக்கு இருப்பது தெரிந்த நாளில், 30 டிகிரிக்குக் குறைவான, மேலே செங்குத்துச் சரிவு எதுவும் இல்லாத பாதையைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பான வழி.