சப்பாத்திக் கணக்கு

பெரியப்பாவுக்கு சர்க்கரை வந்து ஆறு வருஷம் ஆச்சு. வந்த உடனே ராத்திரி சோறை விட்டுட்டார். "சோறே தொடுறதில்லையேடா, அப்புறமும் ஏன் இறங்க மாட்டேங்குது?" என்று போன மாதம் ரிப்போர்ட்டை நீட்டினார். மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 9.1. எத்தனை சப்பாத்தி என்று கேட்டேன். ஐந்து. தொட்டுக்க உருளைக்கிழங்கு குருமா.

சிக்கல் இங்கேதான். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் அளவுக்கு இருக்கு. கோதுமையிலும் கேழ்வரகிலும் 65-லிருந்து 70 கிராம் வரை. நார்ச்சத்து கூடுதல்தான், ஆனால் அளவு கூடினால் அந்த லாபம் போயிடும். தானியத்தை மாத்தினா மட்டும் போதாது, தட்டை மாத்தணும். பாதித் தட்டு காய், கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன், மிச்ச கால் பங்குதான் சோறோ சப்பாத்தியோ. உருளைக்கிழங்கு காய்க் கணக்கில் வராது, தானியக் கணக்கு.

இதை ஒரு தடவை சொல்லிட்டா போதுமா? சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று வருஷத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவு, நடை பற்றிச் சொல்லிக்கொடுத்து, மாதாமாதம் போனில் விசாரித்துக்கொண்டே இருந்த குழுவில் அது 39 சதவீதம். அவர்கள் நோய் வராதவர்கள், பெரியப்பா கதை வேறு. ஆனாலும் விடாமல் கூட நிற்பதன் பலன் அதில் தெரியுது.

அதனால் பெரியம்மாவையும் உட்கார வைத்துப் பேசினேன். அடுப்பு அவங்க கையில்தானே. குளுக்கோமீட்டரில் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தோம். ஐந்து சப்பாத்தி, குருமா: 248. மறுநாள் அதே நேரம், அதே மாத்திரை; இரண்டு சப்பாத்தி, பீன்ஸ் பொரியல், கொண்டைக்கடலை: 171. நான் பேசியதை விட அந்த எண் அதிகம் பேசியது.

ஒரு எச்சரிக்கை. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பாட்டைச் சட்டென்று குறைக்கக் கூடாது. 70-க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கணும், 15 நிமிஷத்தில் மறுபடி பார்க்கணும். பெரியப்பாவும் டாக்டரைப் பார்த்துட்டுத்தான் தொடர்கிறார்.

இப்போ ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் பண்றேன். எண்ணைக் கேட்பதற்கு முன்னாடி, என்ன பொரியல்னு கேட்கிறேன்.